கணுவுக்குக் கணு வேர்

எங்கள் வீட்டுக்கும் என் கணவரின் அண்ணன் வீட்டுக்கும் நடுவே சுவர் கிடையாது. நடைபாதை ஓரமாக நான் நட்ட செடிதான் எல்லை. கணுக்கால் உயரம்கூட எழும்பாமல் தரையோடு படரும். பொடிப்பொடியாய் வெள்ளைப் பூ, தேன் வாசனை. ஒரு சாண் அந்தப் பக்கம் போய்விட்டது. அவ்வளவுதான் குற்றம்.

லாரி ஓட்டுகிற அந்த அண்ணன் மண்வெட்டியோடு வந்து நின்றார்.

“இன்னைக்குச் செடி வரும். நாளைக்கு நீங்க வருவீங்க.”

“நானே கத்தரிச்சு விடுறேன் மாமா,” என்றேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெறி பிடித்தவர்போல் கொத்தினார். கொடி துண்டு துண்டாகத் தெறித்து அவர் முற்றமெங்கும் விழுந்தது.

“போதும்ணே,” என்று என் கணவர் குனிந்து, மிச்சமிருந்த தூரைக் கையால் மறைத்தார். ஓங்கிய மண்வெட்டி நிற்கவில்லை. என் கணவருடைய சுண்டுவிரல் பூவோடு பூவாகக் கிடந்தது.

நான் கையில் அகப்பட்ட செங்கல்லால் அண்ணன்காரர் மண்டையைப் பிளந்தேன். ஆஸ்பத்திரியில் இரண்டு பேருக்கும் அடுத்தடுத்த கட்டில். பாசமலர்கள்.

அந்த வாரம் நல்ல மழை. தரையில் படர்கிற செடிக்குக் கணுவுக்குக் கணு வேர் விடும். புதுச்செடி வேண்டுமென்றால் நானே அப்படித்தான் துண்டு போட்டு நடுவேன். அடுத்த மாதமே அவர்கள் வாசற்படி வரைக்கும் வெள்ளையாகப் பூத்துவிட்டது.

“இதை என்னதான் பண்றது?” என்று ஓரகத்தி கேட்டாள்.

“மறுபடி வெட்டச் சொல்லுங்கக்கா,” என்றேன்.

அன்றைக்கு அவர் வெட்டிப் போட்டதெல்லாம் முளைத்துவிட்டது, என் வீட்டுக்காரர் விரலைத் தவிர.