ஜோதிகாவின் லாகின்

ஜோதிகா இறந்த மறுவாரமும் வழக்கம்போல் எல்லோருக்கும் முன்னால் வந்து கணினிகளைத் திறந்து வைத்தாள். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் ஜன்னல் அதிரும் மாடி அலுவலகம் அது. மீனவர்களின் கைரேகையும் படகு விவரமும் அரசுக்காக அங்கே பதிவாகின. முதலில் வருகிறவர் தன் லாகினிலேயே எல்லாக் கணினிகளையும் திறந்துவிடுவது அங்குள்ள பழக்கம். முதலில் வருகிறவள் எப்போதும் ஜோதிகா. இப்போதும் துப்புரவுக்கு வரும் கெங்கம்மா பூட்டைத் திறக்கையில் திரைகள் எரிந்துகொண்டிருந்தன. முந்தைய நாளின் தவறுகள் திருத்தப்பட்டிருந்தன. யாரும் பயப்படவில்லை. வேலை சீக்கிரம் முடிந்தது.

பிறகு டெல்லியிலிருந்து புதிய பாதுகாப்பு விதிகள் வந்தன. அரசின் தகவலைத் தொடும் ஒவ்வொருவருக்கும் தனி லாகின் வேண்டும்; வேலையை விட்டவரின் லாகினை அன்றே நீக்க வேண்டும். தணிக்கைக்கு வந்த பெனிட்டோ, இறந்தவர் பெயரில் வேலை நடப்பதைக் கண்டு, ஒப்பந்தமே ரத்தாகும் என்றார். கணினிகளைப் பராமரித்தவன் ஜோதிகாவின் கணவன் நிலவன். அவளை நீக்கினான். காலையில் இருந்தாள். பாஸ்வேர்டை மாற்றினான், சர்வரையே மாற்றினான். இருந்தாள். நீக்கியதற்கு ஒரு விளக்கம், திரும்பி வந்ததற்கு ஒரு விளக்கம் என்று மேலிடம் கேட்டுக்கொண்டே இருந்தது. அனுப்பிய விளக்கம் போதவில்லை என்பதற்கும் விளக்கம் கேட்டது.

“மாமு, தங்கச்சி லீவே போடாதா? உயிரோட கீற நானே வாரத்துக்கு ஒண்ணு போடறேன்,” என்றான் பக்கத்து நாற்காலி தப்ரேஸ்.

நிலவன் சிரிக்கவில்லை. லாகின் நின்றால் அவளிடமிருந்து வர வேறெதுவும் இல்லை. நிற்காவிட்டால் அங்கே யாருக்கும் வேலை இல்லை.

பெனிட்டோ கடைசியாக ஒரு வழி சொன்னார். “நீக்க முடியலைன்னா பூட்டிருங்க. ஓடிபி அவங்க நம்பருக்கே போவட்டும். பாக்க ஆளில்லைன்னா தானா நின்னுரும்லா?”

ஜோதிகாவின் போன் காலடிப்பேட்டை வீட்டில் சார்ஜரில் கிடந்தது. நிலவன் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது அதில் ஆறு எண்கள் வந்தன. காலாவதியாகும்வரை பார்த்துக்கொண்டு நின்றான். அன்று எல்லாக் கணினிகளும் இருண்டு கிடந்தன. பெனிட்டோ போனில் பாராட்டினார். மறுநாள் காலை எண்கள் வந்தன, காலாவதியாயின, உடனே வேறு எண்கள் வந்தன, மறுபடியும் வந்தன. அவள் கதவுக்கு வெளியே நிற்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. அடுப்படியில் நின்று ஆறு எண்களையும் சத்தமாகப் படித்தான். அலுவலகம் போனபோது அவளுடைய கணினி மட்டும் திறந்திருந்தது. மற்றவர்களுடையதை அவள் தொடவில்லை.

அடுத்த தணிக்கையில் பெனிட்டோ நெடுநேரம் திரையைப் பார்த்தார். “வேலைய வுட்டாத்தானே சார் நீக்கணும்? அது வுடவே இல்லயே,” என்றான் தப்ரேஸ்.

பெனிட்டோ நிலவனிடம் திரும்பினார். “ஓடிபிய யாருகிட்டயாவது சொல்லுதீங்களா?”

“உயிரோட இருக்கிற யாருகிட்டயும் இல்ல சார்.”

விதியில் உயிரோடு இல்லாதவர்களைப் பற்றி எதுவும் இல்லை. பெனிட்டோ ‘சரி’ என்று குறித்துவிட்டு, தீயணைப்புக் கருவி எங்கே இருக்கிறது என்று கேட்டார்.