மூன்று ஜெபமாலை தூரம்

நகங்களை இன்னும் ஒரு தடவை தேய்த்திருக்கலாம். எலுமிச்சம்பழத்தோடு கொஞ்சம் சாம்பலையும் சேர்த்திருந்தால் போயிருக்குமோ என்னவோ.

இப்படி நினைத்த மறுகணமே பிரிஜெட்டுக்குக் கூசிப் போயிற்று. புருஷன் செத்து இன்னும் ஒரு நாள் முழுதாக ஆகவில்லை. தலைமாட்டில் இரண்டு, கால்மாட்டில் இரண்டு என்று மெழுகுவர்த்திகள் எரிந்துகொண்டிருந்தன. அந்த வெளிச்சத்தில் அவள் பார்த்துக்கொண்டிருந்தது அவருடைய முகத்தை அல்ல.

ஆம்ப்ரோஸின் கைகள் மார்பின் மேல் கோத்து வைக்கப்பட்டிருந்தன. விரல்களில் அவருடைய மர ஜெபமாலை சுற்றியிருந்தது. கல்யாணக் கோட்டு, கஞ்சி போட்ட சட்டை, கொழுந்தன் எங்கிருந்தோ தேடிக் கொண்டுவந்த கறுப்பு டை, எல்லாம் கச்சிதமாக இருந்தன. கைகள் மட்டும் இன்னும் தோல் கிடங்கிலேயே இருந்தன. இருபது வருஷம் தோல் பதனிடும் தொட்டியில் ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறிய கைகள். முழங்கை வரைக்கும் செம்பழுப்பு. நகங்களில் அது கறுத்தே போயிருந்தது. காலையில் ஆண்கள் குளிப்பாட்டும்போது அரைமணி நேரம் தேய்த்தார்கள். சாயம் அசையவில்லை.

பக்கத்து வீட்டு மௌரீன் உள்ளே வந்து, பிரிஜெட்டின் மடியில் மெல்லிய காகிதத்தில் சுற்றிய ஒன்றை வைத்தாள். வெள்ளைக் கையுறைகள்.

"எங்க மாமனாருக்கு வாங்கினது. ரெண்டு ஜோடி வாங்கிட்டோம், ஒண்ணு மிஞ்சிடுச்சு" என்றாள் காதருகில். "அண்ணனுக்குப் போட்டு விடுங்கக்கா. ஸ்கூல் விட்டதும் சிஸ்டர்ஸ் எல்லாம் வராங்களாம். மதரும் வராங்களாம். பார்க்கிறதுக்குக் கௌரவமா இருக்கும்."

இறந்தவருக்குக் கையுறை போடுவது கன்டோன்மென்டில் புதிதல்ல. ரயில்வேக்காரர்கள் வீட்டில் போடுவார்கள், தபாலாபீஸ்காரர்கள் வீட்டில் போடுவார்கள். யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை.

"இருக்கட்டும் மௌரீன். அப்புறமா போடுறேன்" என்றாள் பிரிஜெட். காகிதம் மடியில் சரசரத்தது. அதைப் பார்த்ததும் மனசுக்குள் எதுவோ ஆசுவாசமாக உட்கார்ந்துகொண்டதை அவள் கவனிக்காமல் இல்லை.

சவப்பெட்டிக்குச் சொல்லிவிட்டுச் சில்வெஸ்டர் திரும்பி வந்தான். ஆம்ப்ரோஸின் தம்பி, அதே தோல் கிடங்கில் வேலை. ஜீவனஹள்ளியில் இருந்து வந்திருந்த கிடங்கு ஆட்கள் நாலைந்து பேர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்கள். உள்ளே வந்தால் தங்கள் மேல் அடிக்கும் வாடை தெரிந்துவிடும் என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. யாரும் அவர்களை உள்ளே கூப்பிடவும் இல்லை.

"நாலு மணிக்குப் பெட்டி வந்துடும் அண்ணி. சாமியாரு நாலரைக்கு." சில்வெஸ்டர் சுவரோரம் குந்தினான். அண்ணனின் கைகளைப் பார்த்தான். ஜெபமாலையைப் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"இத்தைப் பாத்தா எனக்கு அவர் பேச்சுதான் நெனப்புக்கு வருது. நாங்கள்லாம் கிண்டல் பண்ணுவோம். யோவ் அண்ணே, நாலு மைலு தெனம் நடக்கிறியே, பேஜாரா இல்லியான்னு. அதுக்கு அவரு, டேய், வீட்ல இருந்து கிடங்கு மூணு ஜெபமாலை தூரம்டா, போக மூணு, வர மூணு, உங்க அண்ணி புண்ணியத்துல எனக்கு மோட்சம் நிச்சயம், நீங்கள்லாம் கிடங்குக்குப் பக்கத்துலயே படுத்துக் கெடந்து நரகத்துக்குப் போங்கடான்னுவாரு."

வாசலில் நின்றவர்களில் ஒருவர் மூக்கை உறிஞ்சினார்.

தூரத்தை ஜெபமாலையால் அளக்கிற இந்தக் கணக்கு பிரிஜெட்டுடையது. அவளிடமிருந்துதான் அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

முப்பத்தொன்றாம் வருஷம், டோரீனுக்கு ஆறு வயது. கிடங்கை ஒட்டி அவர்கள் குடியிருந்த ஜீவனஹள்ளியில் இருந்து பள்ளிக்கூடம் போக வேண்டுமென்றால் ரயில் தண்டவாளத்தைத் தாண்ட வேண்டும். தாண்டினாலும் அங்கே இருந்தது நாலாம் கிளாஸ் வரைக்கும்தான். அனாதை மடத்தில் வளர்ந்து நாலாம் கிளாஸோடு ஊசியும் நூலும் கையில் கொடுக்கப்பட்டவள் பிரிஜெட். ஆறு ஞாயிற்றுக்கிழமைகள், பூசை முடிந்த கையோடு வீடு தேடி அலைந்தாள். அவளிடம் கடிகாரம் இல்லை. காலியாக இருந்த ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று சிலுவை போட்டுக்கொண்டு, ஜெபமாலை சொல்லியபடி கன்னியர் பள்ளிக்கூடத்து கேட் வரைக்கும் நடந்து பார்த்தாள். ஒரு வீடு நாலு தேவரகசியம், அதாவது ஜெபமாலையில் நாலு பத்து மணி. குழந்தைக்குக் கால் வலிக்கும். ஒரு வீடு மூன்று, ஆனால் நடுவில் சாராயக் கடை. ஆஸ்டின் டவுனில் இந்த வீட்டிலிருந்து ஒரே ஒரு தேவரகசியம். அதுவும் வழி நெடுக மர நிழல். கோயில் கூப்பிடு தூரம். மார்க்கெட்டுக்கு வண்டி தேவையில்லை.

ஏழு வீடுகளில் இருந்து பள்ளிக்கூடத்துக்கு நடந்தவள், ஒரு வீட்டில் இருந்துகூடத் தோல் கிடங்குக்கு நடந்து பார்க்கவில்லை.

"உனக்குப் பிடிச்சாச் சரி. எனக்குக் காலு ரெண்டு இருக்குல்ல" என்று ஆம்ப்ரோஸ் சொன்னதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அவரை நைனா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த டோரீன், புது வீட்டுக்கு வந்த வாரமே டாடி என்று கூப்பிடப் பழகினாள். பழக்கியது பிரிஜெட்தான்.

சில்வெஸ்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "ஒண்ணுதான் அண்ணி எனக்குப் புரியல. நேத்து மத்தியானம் நெஞ்சு என்னமோ பண்ணுதுன்னாரு. மேஸ்திரி ரெண்டரைக்கே அனுப்பிட்டான். ஜட்கா புடிக்கிறேன்னேன், வேணாம்னுட்டாரு. நடந்துதானே வந்தாரு? நேர் ரோட்டுலயே வந்திருக்கலாமே. ஸ்கூல் விடுற நேரம், அத்தனை ஜனம் இருந்திருக்கும், யாராவது புடிச்சிருப்பாங்க. அந்தப் பின்சந்துல நாய்கூடப் போகாது. பால்காரன் பார்க்கிற வரைக்கும் அந்தச் சுவத்துல சாஞ்சபடியே கெடந்திருக்காரு. சுத்து வழி வேற. ஏன் அண்ணி அதுல போனாரு?"

மூலையில் உட்கார்ந்திருந்த டோரீன் தலையைக் குனிந்துகொண்டாள்.

பிரிஜெட்டுக்குக் காரணம் தெரியும். அவனுக்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் முதலிலிருந்து சொல்ல வேண்டும். பள்ளியில் சேர்க்கப் போன அன்று அவரை வீட்டிலேயே இருக்கச் சொன்னதைச் சொல்ல வேண்டும். தகப்பனார் என்ன வேலை என்று சிஸ்டர் கேட்டபோது, தோல் கம்பெனியில் கிளார்க் என்று தயங்காமல் சொன்னதைச் சொல்ல வேண்டும். முதல் பரீட்சைச் சீட்டு வந்த அன்று, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பெருமையில் டோரீன் அதில் இருந்ததையெல்லாம் உரக்கப் படித்தாள். தகப்பன் தொழில், கிளார்க்.

ஆம்ப்ரோஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையைப் பார்த்துக்கொண்டார். "பரவால்லியே! எனக்குப் பிரமோஷன் குடுத்திருக்காங்களே" என்று சிரித்துவிட்டு, மோர் கேட்டார்.

மறுநாள் சாயங்காலம், கடைக்குப் போய்விட்டு வந்துகொண்டிருந்த பிரிஜெட் தெருமுனையில் அவரைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வரும் நேர் ரோட்டில் வரவில்லை அவர். பின்சுவரை ஒட்டிய சாக்கடைச் சந்திலிருந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கைகளைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். அதற்கப்புறம் ஏழு வருஷமும் அந்தச் சந்துதான். ஏன் என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அன்றைக்குத் தெருமுனையில் நின்றபடி அவள் என்ன நினைத்தாள் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அப்பாடா என்று நினைத்தாள்.

"என்னமோ, விதி" என்றான் சில்வெஸ்டர், தன் கேள்விக்குத் தானே பதிலாக. எழுந்து வாசலுக்குப் போய் அந்த நாலைந்து பேரோடு நின்றுகொண்டான்.

தூரத்தில் பள்ளிக்கூடத்து மணி அடித்தது. இந்த வீட்டுக்கு அது கேட்கும். வாடகைக்குப் பேச வந்த அன்றே கேட்டு மகிழ்ந்திருக்கிறாள்.

டோரீன் எழுந்து வந்து பக்கத்தில் மண்டியிட்டாள். அழுது அழுது அவள் கண்ணிமைகள் வீங்கியிருந்தன. மடியில் இருந்த காகிதத்தைப் பிரித்து, கையுறைகளில் ஒன்றை எடுத்து விரல் விரலாக நீவினாள்.

"மம்மி, ஸ்கூல் விட்டாச்சு. வந்துடுவாங்க."

"ம்."

"இதைப் போட்டு விடுங்க மம்மி." குரல் இன்னும் தாழ்ந்தது. "அவங்களுக்கெல்லாம் டாடி கிளார்க்குன்னுதான் தெரியும்."

பிரிஜெட் மகளைப் பார்த்தாள். பதின்மூன்று வயது முகம். கண்ணீருக்கு நடுவில் வாசலை ஒரு தரம், அந்தக் கைகளை ஒரு தரம் பார்த்து அளவெடுக்கிற முகம். இப்படி ஒரு முகத்தை அவள் இதற்கு முன் பார்த்ததில்லை. அன்று தெருமுனையில் நின்ற தன் முகத்தை யாரால் பார்க்க முடியும்?

கையுறையை வாங்கிக்கொண்டாள். பருத்தித் துணி, பூப்போல இருந்தது. அவருடைய கைக்குக் கொஞ்சம் சின்னதாகத்தான் இருக்கும். ஆனாலும் இழுத்தால் ஏறும்.

தெருவில் குடைகளை மடக்கும் சத்தம் கேட்டது. வாசலில் நின்றவர்கள் அவசரமாக ஒதுங்கி வழிவிட்டார்கள். "குட் ஆஃப்டர்நூன் மதர்" என்று மௌரீன் சொல்வது கேட்டது.

"மம்மி, சீக்கிரம்."

பிரிஜெட் இரண்டு கையுறைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, பழைய மடிப்பிலேயே மடித்துக் காகிதத்தில் சுற்றினாள். ஜெபமாலையின் சிலுவை ஒரு பக்கமாகச் சரிந்து கோட்டுக்குள் போயிருந்தது. அதை வெளியே எடுத்து, அந்தக் கறுத்த கட்டைவிரல் நகத்தின் மேல் நேராக வைத்தாள்.

"வேணாம்மா" என்றாள். "மௌரீன் ஆன்ட்டிகிட்டயே குடுத்துடு."