பழைய கணக்கு முடியும்வரை

சாப்பாட்டுக்கு எல்லோரும் எழுந்து போன பிறகும் அவள் திரையை விட்டு நகரவில்லை. ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று கணிக்கும் அலுவலகம் அது. பழைய புரோகிராம் ஆற்றை மலையிலிருந்து கடல்வரை துண்டு துண்டாக எடுக்கும். மேல்துண்டு முடிந்தால்தான் கீழ்த்துண்டைத் தொடும். கணக்கு முடிவதற்குள் வெள்ளமே வந்துவிட்டுப் போய்விடும் என்று ஊழியர்களே கிண்டலடிப்பார்கள். போன மழைக்காலத்தில் ஆற்றோரக் குடியிருப்பில் ஆட்கள் செத்த பிறகு யாரும் அதற்குச் சிரிக்கவில்லை.

அதைத்தான் அவள் மாற்றி எழுதினாள். ஒவ்வொரு துண்டையும் ஒரு கணிதச் சார்பாக ஆக்கினாள்: எவ்வளவு தண்ணீர் வந்தாலும் அதை இந்தத் துண்டு என்ன செய்து அனுப்பும் என்பது மட்டும். பிறகு எதுவும் எதற்காகவும் காத்திருக்க வேண்டாம். ஏராளமான கணினிகள் ஆளுக்கொரு துண்டைப் பார்க்கலாம்; அடுத்தடுத்த துண்டுகளை எங்கிருந்து வேண்டுமானாலும் இணைத்துக்கொண்டு வரலாம். இதில் ஊகத்துக்கு இடமில்லை. வரிக்கு வரி, விடை மாறாது என்று நிறுவிக்கொண்டேதான் மாற்றினாள்.

இன்று மலையில் பேய்மழை. டீ ஆறுவதற்குள் புதியது விடை சொல்லிவிட்டது: இருட்டுவதற்குள் அதே குடியிருப்பில் ஒரு மாடி உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். அவள் தங்கை வீடு அங்கேதான்.

எச்சரிக்கை அறிவிப்பில் கையெழுத்திட வேண்டிய தலைமைப் பொறியாளர் கெட்டவர் இல்லை. ஒருமுறை தவறாக எச்சரித்து, ஊரையே கிளப்பிவிட்டு, மேலிடத்தில் மூக்குடைபட்டவர்.

"பழசும் இதையே சொல்லட்டும்மா. உடனே அறிவிச்சிடலாம்."

"அது முடிய ராத்திரி ஆயிடும் சார். இது வேற புரோகிராம் இல்ல. அதேதான். ஒவ்வொரு வரியா நிரூபிச்சு மாத்தினது."

"நீ நிரூபிச்சது சரியாத்தான் இருக்கும். எனக்குப் புரியலையே. புரியாததுல நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பாள்.

படிக்கட்டுக்கு வந்து தங்கையைப் போனில் கூப்பிட்டாள்.

"கிளம்புடி. குழந்தையத் தூக்கிட்டு இப்பவே கிளம்பு."

"என்னக்கா நீ, இங்க வெயில் சுள்ளுனு அடிக்குது."

"மழை மலையில பெய்யுதுடி! பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொல்லு."

"ரேடியோலயே ஒண்ணும் சொல்லல. நான் சொன்னா யாரு நம்புவா? மாமியார் வேற படுத்த படுக்கையா கிடக்காங்க. தூக்கறதுக்கு அவர் வரணும்."

"எப்ப வருவாரு?"

"இருட்டினப்புறம்."

"நானே வண்டி பிடிச்சு வர்றேன். ரெடியா இரு."

"சரி சரி. லைன்லயே இரு, இந்தத் துணிய மட்டும் கொடியில போட்டுட்டு வந்துடறேன்."

தங்கை போனை எங்கோ வைத்தாள். தன் போனைக் காதோடு அழுத்தியபடியே அவள் படிகளில் இறங்கி ஓடினாள். ஈரத்துணியைப் பட்டென்று உதறும் சத்தம் கேட்டது. பிறகு கொடி ஆடும் சத்தம். பிறகு அடுத்த துணி.