தலைமாடு எந்தப் பக்கம்

"தூக்காதீங்க மாமா!"

சவப்பெட்டிக்கடியில் கைகொடுத்திருந்த நான்கு பேரும் அப்படியே நின்றார்கள். தோட்டத்து லய வீட்டு வாசலில் தப்படிக்கும் சத்தம் ஓய்ந்தது.

"கால்மாடு முந்திப் போகணுமில்ல? எந்தப் பக்கம்னே தெரியாம தூக்குறீங்களே," என்றாள் பிரியந்தி.

வீரய்யா மாமாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "வெளக்கு இருக்கிற பக்கந்தான் தல. இதுல என்னாடி சந்தேகம்?"

"தண்ணிப் பீலிக்கிட்ட வளைவுல பெட்டி திரும்பலன்னு மாத்திப் புடிச்சோமே," என்று இழுத்தான் தூக்கி வந்த சின்னத்தம்பி. "ஒருக்காவா, ரெண்டு தடவையான்னுதான்..."

மண்சரிவில் நான்கு நாள் புதைந்து கிடந்த அப்பாவை ஆஸ்பத்திரியில் ஆணியடித்துத்தான் கொடுத்தார்கள். திறக்கவே கூடாதென்று உத்தரவு. தலைப் பக்கம் போட்டிருந்த வெள்ளைச் சோக்குக்கட்டிக் குறியை மழை கழுவிவிட்டது. இரண்டு முனையும் ஒரே அகலம், ஒரே பலகை. அரைச்சுற்றுத் திருப்பினால் அதே பெட்டிதான். கம்பஸில் படிக்கிற பிரியந்தி இந்தக் கணக்குக்கு முழுப் புள்ளி வாங்கியிருக்கிறாள். என்ன பிரயோசனம்! உள்ளே இருக்கிற மனுஷனுக்குத் தலை ஒரு பக்கந்தானே?

அம்மா நாகலெட்சுமி விளக்குப் பக்கத்துப் பலகையில் வாயை வைத்து, விடிந்ததிலிருந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். என்ன பேசுகிறாள் என்று மகளுக்கு மட்டும் தெரியும். மண் சரிந்த அன்றைக்குக் காலைச் சண்டையில், "போனா அப்படியே போயிருங்க, திரும்பி வராதீங்க" என்று கத்தியவள் அம்மாதான். மயானத்துக்குப் பெண்கள் போவதில்லை. பெட்டி படியிறங்கிவிட்டால் மன்னிப்புக் கேட்க அவளுக்கு வேறு நேரம் கிடையாது.

"நடுவுல ஒரு உருட்டுக்கட்ட வைங்க. பாரமான பக்கம் சாயும். அதான் தல," என்றாள் பிரியந்தி.

"பெத்த அப்பன நிறுத்துப் பாக்கிறியா? மழ வருது புள்ள!"

"வரட்டும் மாமா."

சாணால் அளந்து நடுவைக் காட்டினாள். மாமா பல்லைக் கடித்துக்கொண்டு கட்டையைச் சொருகினார். நான்கு பேரும் மெல்லக் கையை எடுத்தார்கள். பெட்டி கொஞ்ச நேரம் அசையவில்லை. விளக்குப் பக்கமே சாயட்டும் சாமி என்று பிரியந்தி உள்ளுக்குள் கெஞ்சினாள்.

அது கதவுப் பக்கம் சாய்ந்தது.

சின்னத்தம்பி கட்டையை உருவிக்கொண்டு வெளியே போனான். பிரியந்திக்கு அம்மாவின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. ஏன்தான் கேட்டேனோ என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அம்மா எழுந்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். விளக்கை அணையாமல் கையால் மறைத்துக்கொண்டு, பெட்டியைச் சுற்றி மறுமுனைக்குப் போனாள்.

"நேரமாச்சுக்கா," என்றார் மாமா.

அம்மா காதில் வாங்கவில்லை. விளக்கைத் தரையில் வைத்தாள். பலகையில் வாயை வைத்தாள்.

"ஏங்க," என்று முதலிலிருந்து தொடங்கினாள்.