நகர்த்தக்கூடிய வேலை

அந்தப் பள்ளிக்கூட பஸ்ஸில் வரும் பிள்ளைகள் அவளைக் 'கதவு ஆன்ட்டி' என்றுதான் கூப்பிடுவார்கள். கதவைத் திற, கையைப் பிடித்து ஏற்று, பையை வாங்கு, வாந்தி எடுத்தால் துடை, கதவைச் சாத்து. இதுதான் அவள் உத்தியோகம். கதவோரத்து சீட்டில் உட்கார்ந்து, எதிரே ஓட்டுநர் கியர் மாற்றுவதை வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருந்தவள், ஒருநாள் துணிந்து கேட்டுவிட்டாள். "இதை நான் ஏன் ஓட்டக் கூடாது?"

யாரும் சிரிக்கவில்லை. அதுவே பெரிய அதிசயம். ஓட்டுநர் ஓய்வுபெறப் போகிறார், ஓர் இடம்தான் காலி, உரிமம் எடுத்து வாருங்கள், லீவு நாளில் பஸ் நிற்கும் யார்டில் ஒரு டெஸ்ட் வைக்கிறோம், தேறினால் பள்ளி திறக்கும் அன்று ஸ்டியரிங் உங்கள் கையில் என்றார்கள். உரிமமும் எடுத்தாள். அதற்காக எத்தனை விடிகாலைகள், எத்தனை திட்டு! அவ்வளவு நீள வண்டியைப் பின்னால் எடுத்து இரண்டு தூணுக்கு நடுவே நிறுத்துவது லேசுப்பட்ட வேலையா? முதல் நாள் தூணை இடித்தாள். கடைசி நாள் கண்ணாடியை மட்டும் பார்த்து, ஒரே மூச்சில் கொண்டுபோய் நிறுத்தினாள். இறங்கியபோது முகமெல்லாம் சிரிப்பு.

இப்போது அவள் புருஷனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு இப்போதே பற்றிக்கொண்டு வருகிறது, இருந்தாலும் சொல்கிறேன். ஒரு சரக்குக் கிடங்கில் எந்த லாரி எப்போது கிளம்பும் என்று திட்டம் போடுபவர். ஆபீஸில் 'திட்டப்புலி' என்று பட்டப்பெயர். கிண்டலுக்கு வைத்ததை மனுஷன் விருது என்று நினைத்துக்கொண்டார். புலி ஆபீஸோடு நின்றிருந்தால் நமக்கென்ன? வீட்டுக்கும் வந்துவிட்டது. புருஷன் போன், பெண்டாட்டி போன் இரண்டிலும் ஒரே காலண்டர். வீட்டு வேலை ஒவ்வொன்றுக்கும் ஒரு தரம். ஒன்று என்றால் உயிரே போனாலும் நகராது. இரண்டு என்றால் கொஞ்சம் நகரும். மூன்று என்றால் எங்கே இடமிருக்கிறதோ அங்கே தூக்கிப் போட்டுக்கொள்ளலாம். புதிதாக ஒரு முதல் தர வேலை வந்து விழுந்தால், அந்த நேரத்தில் இருக்கும் மூன்றாம் தரத்தைக் காலண்டரே எடுத்து அடுத்த காலி இடத்தில் வைத்துவிடும். யாரையும் கேட்காது.

"யாரையும் கேட்காது, அதான் இதோட அழகே!" என்று அவர் சொன்னபோது அவளும் சேர்ந்து தலையாட்டியவள்தான்.

டெஸ்ட் தேதியை யார்டிலிருந்து போனில் சொன்னார்கள். அவள் சமையலறையிலிருந்தே சத்தமாகச் சொன்னாள். "ஏங்க, அடுத்த மாசம் மூணாவது புதன். காலைல பத்து மணி."

"போட்டாச்சு. இனிமே நீ அதை மண்டையில வச்சுக்க வேண்டாம். அதுக்குத்தான் இது இருக்கு."

அந்த வாரம் வந்தது. செவ்வாய்க்கிழமை போனைத் திறந்தால், மறுநாள் பத்து மணிக்கு அவர் காரை சர்வீஸுக்கு விட வேண்டும் என்று சிவப்பில் இருக்கிறது. 'பஸ்' என்று அவர் போட்டு வைத்திருந்த டெஸ்ட் வியாழக்கிழமையில் இருக்கிறது. அவளுக்குச் சுருக்கென்றது.

"ஏங்க, டெஸ்ட் புதன்தானே சொன்னாங்க?"

அவர் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "என்ன போட்டிருக்கு?"

"வியாழன்."

"அப்ப வியாழன். காலண்டர் தப்பு பண்ணாது. உனக்குத்தான் எப்பவும் ஞாபகம் முன்ன பின்ன இருக்கும்."

அவளும் நம்பினாள். ஐயோ, அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது! ஒரு பஸ் பிள்ளைகளில் எவன் எந்த ஸ்டாப், எவளுக்கு வண்டி திரும்பினால் குமட்டும், யாரை யாரோடு உட்கார வைத்தால் அடிதடி நடக்கும் என்று சகலமும் மனப்பாடமாக வைத்திருப்பவள், தன் ஞாபகம்தான் பிசகியிருக்கும் என்று நம்பினாள்.

புதன்கிழமை அவர் காரை ஓட்டிக்கொண்டு போய் சர்வீஸ் கடையில் விட்டாள். அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, காரின் மேல் சோப்பு நுரை வழிவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் தர வேலை நேரத்தில் போன் ஊமையாகிவிடும், அதுவும் புலியின் ஏற்பாடுதான். வெளியே வந்து பார்த்தபோது தெரியாத நம்பரிலிருந்து மூன்று அழைப்புகள் வந்திருந்தன. லோன் வேண்டுமா என்று கேட்கிறவனாக இருப்பான் என்று விட்டுவிட்டாள்.

வியாழக்கிழமை நன்றாகத் துவைத்த சட்டையும் பேன்ட்டும் போட்டுக்கொண்டு, பத்து மணிக்கு வெகு முன்னாலேயே யார்டு வாசலில் போய் நின்றாள். உள்ளே பஸ் இல்லை, வரிசையாகத் தூண்கள் மட்டும்தான் நின்றன. மேற்பார்வையாளர் டீ கிளாஸோடு வந்தார்.

"என்னம்மா, இன்னிக்கு வந்து நிக்கிறீங்க? டெஸ்ட் நேத்தே முடிஞ்சு போச்சே!"

"நேத்தா?"

"டெஸ்ட் எடுக்க வந்தவர் போன்ல இருந்து மூணு தடவை அடிச்சோம், நீங்க எடுக்கலை. இன்னொருத்தர் வந்தாரு, சுமாராத்தான் ஓட்டினாரு. வேற வழியில்லாம அவரையே எடுத்தாச்சு." டீயைக் கீழே வைத்தார். "நீங்கதான் வருவீங்கன்னு எல்லாரும் நெனச்சோம்மா."

"அடுத்த இடம் எப்ப சார்?"

"இனிமே யாராவது ரிட்டையர் ஆகணும். பாக்கி எல்லாரும் சின்ன வயசுக்காரங்க."

வாசலோரத்துச் சிமென்ட் திண்டில் உட்கார்ந்து காலண்டரைத் திறந்தாள். ஒரு வேலையை அழுத்திப் பிடித்தால் அதன் ஜாதகம் முழுக்க வரும். பஸ், தரம் மூன்று. புதனில் இருந்தது, வியாழனுக்கு நகர்த்தப்பட்டது. காரணம்: கார் சர்வீஸ், தரம் ஒன்று. தரம் போட்டவர் யார் என்பதும் அங்கேயே இருந்தது. அவளுக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தீர்களா? வரவில்லை. உள்ளங்காலிலிருந்து உச்சி வரை கோபம்தான் வந்தது.

வீட்டுக்குப் போனாள். அவருக்கு அன்று வீட்டிலிருந்தே வேலை. மேஜையில் லேப்டாப், பக்கத்தில் போன்.

"என்ன, பாஸா?" என்றார்.

"டெஸ்ட் நேத்து."

"நேத்தா? அதெப்படி?" போனை எடுத்துத் தட்டிப் பார்த்தார். "ஓ... ஆட்டோமேட்டிக்கா நகர்ந்திருக்கு. நான் எதுவும் பண்ணலையே. அது தானா நகர்த்தியிருக்கு."

"மூணுன்னு போட்டது யாரு?"

"வாராவாரம் பிராக்டீஸ் போவியே, அது மாதிரின்னு நெனச்சேன். நகராம நீ லாக் பண்ணியிருக்கலாம்ல? ஒரு பட்டன்தானே?"

"உங்க ஷட்டில் விளையாட்டு ஒண்ணு. மீன் தொட்டி கழுவுறது ரெண்டு. நான் மூணு. மீனுக்குக் கீழ நான்."

"இதுக்குப் போய்... மறுபடி கேட்டா வைக்க மாட்டாங்களா? நான் பேசுறேன் விடு. புதுசா ஒரு தேதி—"

"வாயை மூடு."

கல்யாணமான நாளிலிருந்து 'நீங்க', 'வாங்க' என்று பேசியவள்.

"தேதி தப்போன்னு உன்கிட்டத்தானே வந்து கேட்டேன்? ஒரு தடவை தலையைத் தூக்கிப் பாத்தியா நீ? ஞாபகம் சரியில்லைன்னு சொன்ன. நான் உன் காரைக் கழுவிக்கிட்டு உக்காந்திருந்தேன், அங்க எவனோ என் பஸ்ஸை ஓட்டிட்டான்."

நின்ற இடத்திலேயே தன் போனைத் திறந்து, குழுவிலிருந்து விலகு என்ற பொத்தானைத் தேடிப் பிடித்தாள். 'உங்கள் வேலைகள் அனைத்தும் மற்ற உறுப்பினருக்குச் செல்லும். சம்மதமா?' என்று கேட்டது. பரவாயில்லை, இதற்காவது கேட்டதே! சம்மதம் என்று அழுத்தினாள்.

மேஜை மேல் இருந்த அவர் போன் டிங் என்றது. மறுபடியும் டிங். அப்புறம் நிற்கவே இல்லை. துணி துவைப்பது, காஸ் புக் பண்ணுவது, அவர் அம்மாவின் மாத்திரை, மீன் தொட்டி, காய்கறி, ஓட்டை டேப்புக்கு பிளம்பர், அவர் சட்டைகளுக்கு இஸ்திரி. இவ்வளவு நாளும் அவள் பெயரில் கிடந்ததெல்லாம் பொலபொலவென்று வந்து விழுந்தது. ஷட்டில் விளையாட்டு அவர் கண்ணெதிரே அந்தக் குவியலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. புலி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு திருதிருவென்று விழித்தது.

கடைசியாக ஒன்று வந்து திரை நடுவில் நின்றது. அன்றைய தேதியில் இருந்த, அவள் விட்டுவந்த வேலை. 'பஸ். தரம் மூன்று. முடிந்ததா?' கீழே ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள்.

"கேக்குதுல்ல?" என்றாள். "பதில் சொல்லு."

அவர் அவளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். விரல் எதன் மேலும் படவில்லை. போன் கொஞ்ச நேரம் காத்திருந்தது. பிறகு யாரையும் கேட்காமல் அதை அடுத்த வியாழக்கிழமைக்குத் தள்ளி வைத்தது.