தாம்பூரு

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு, முல்லா வீதியில் ஆரி ஊசிப் பூவேலை செய்யும் ஜஹபர் நிஷா துணி கட்டும் வட்டச் சட்டம் முரசு போல முழங்கியது. அன்று மல்லிப்பூ விலை இறங்கியிருந்தது, நல்ல வெயில், கரண்ட் போகவில்லை. சட்டத்தில் இழுத்துக் கட்டியிருந்த அரக்குப் பட்டை யாரும் தொடவில்லை. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் கிருஷ்ணசாமி வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "என் வூட்டுக்காரி ரவிக்கைய தம்பூர்ல ஏத்திட்டியாம்மா?" என்று கேட்டார், அவ்வளவுதான். மூன்று தட்டு, ஒரு நீள உருட்டு. கிருஷ்ணசாமி பழக்கதோஷத்தில் விறைத்து நின்றார். பட்டின் மேல் பரப்பியிருந்த மணிகள் அறையெங்கும் சிதறின.

பிரெஞ்சில் தம்பூர் என்றால் முரசு. முரசுத் தோலைப் போல வளையத்தில் துணியை விறைப்பாகக் கட்டுவதால் பூவேலைச் சட்டத்துக்கும் அதே பெயர். கான்வென்ட் கன்னியர் வாயிலிருந்து ஊருக்குள் இறங்கி, நிஷாவின் அம்மா காலத்திலேயே அது தாம்பூரு ஆகிவிட்டது. மறுநாள் மாடியில் குடியிருக்கும் பாட்டு டீச்சர் சுலோசனா விசாரிக்க வந்தார். "தம்பூரான்னா சுருதிதானே கேக்கணும், அடி எப்படிக் கேக்கும்?" என்றார். உடனே சட்டம் நாலு தந்தியை மீட்டியதுபோல ரீங்காரம் இட்டு, சாயங்கால அஸர் தொழுகை வரைக்கும் ஓயவில்லை. நிஷாவின் கணவர் கரீம் குவைத்தில் பதினோரு வருஷம் இருந்தவர். தன்னோடு அறையில் தங்கியிருந்த ஈரான்காரர் கழுத்து நீண்ட வாத்தியம் ஒன்று வாசிப்பார், அதற்கு தன்பூர் என்று பேர் என்றார். அவர் வாயை மூடுவதற்குள் சட்டம் குதிரை ஓடுகிற வேகத்தில் ஒரு மெட்டை வாசித்தது.

அடுத்த ஒரு மாதம் அந்தச் சொல் யாருடையது என்று மூன்று பேரும் சண்டை போட்டார்கள். பாரசீகத்தில் பிறந்தது என்றார் கரீம். அது மேற்கே போய்த் தோலைப் போர்த்திக்கொண்ட பிறகுதான் உலகத்துக்கே கேட்டது என்றார் கிருஷ்ணசாமி. கிழக்கே வந்து சுருதி சேர்ந்த பிறகுதான் அதற்கு அமைதி கிடைத்தது என்றார் டீச்சர். ஆளுக்கொரு தரம் சொல்லச் சொல்ல சட்டம் அதிர்ந்தது, கோத்த மணி உதிர்ந்தது. வேலை செய்யும் ஆறு பெண்களும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மற்றக் கல்யாண வீட்டார் சகுனம் சரியில்லை என்று துணியைத் திரும்ப வாங்கிப் போனார்கள். வீட்டின் சொந்தக்காரர் கோவிந்தசாமி, லாஸ்பேட்டையில் இருப்பவர், ஸ்கூட்டரை விட்டு இறங்காமலே, "ஐப்பசியோட காலி பண்ணிக்கம்மா. தெருவுல பேச்சு வருது" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் மகள் பூர்ணிமாவின் முகூர்த்த பிளவுஸ்தான் அப்போது சட்டத்தில் இருந்த அரக்குப் பட்டு.

நிஷாவை உறுத்தியது வேறு. அவள் தாம்பூரு என்று எத்தனை தரம் கூப்பிட்டாலும் சட்டம் ஊமையாக இருந்தது. "ஊர்ல யார் கூப்ட்டாலும் திரும்பிப் பாக்குது. தெனம் தொடச்சி வெக்கிறவ நான் கூப்ட்டா கேக்கல" என்றாள். கரீம் பட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சட்டத்தை மாற்றிவிடலாம் என்றார். "இந்தத் துணிய குடுத்தவங்க திரும்ப வாங்கிக்காம இருக்கும்போது நான் எப்படிங்க வுடறது?" என்று மறுத்துவிட்டு, மூன்று பேரையும் கூப்பிட்டு அனுப்பினாள்.

"சண்டைய அப்பறம் போட்டுக்கங்க. டீச்சர், நீங்க உங்க தம்பூராவ மெதுவா சொல்லிட்டே இருங்க, துணி தொய்யாம நிக்கும். கிருஷ்ணசாமி முசே, தையலுக்கு ஒண்ணு, அளந்து சொல்லுங்க. என்னங்க, இவளுங்க அசந்தா நீங்க சொல்லுங்க."

சுருதியில் பட்டு விறைத்து நின்றது. அடிக்கு ஒரு தையலாக ஆறு ஊசிகளும் ஒன்றாய் இறங்கின. முதுகில் மயிலும் கைகளில் மாங்காயும் கழுத்தில் கொடியுமாக, இருபது நாள் வேலை நாலு நாளில் முடிந்தது. ஒரு மணி உதிரவில்லை.

கல்யாணத்தன்று விடியற்காலை தொடங்கிய மழை நிற்கவில்லை. மேளக்காரர்கள் வந்த வேன் தவளக்குப்பத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுவிட்டது. லாஸ்பேட்டை மண்டபத்தில் முகூர்த்தம் முடியப் பத்து நிமிஷம் இருந்தது. செல்போனில் மேளம் வைக்கலாம் என்று யாரோ சொல்ல, மாப்பிள்ளையின் தாய்மாமன் கோபத்தில் எழுந்து நின்றுவிட்டார். கோவிந்தசாமி கையில் துண்டைப் பிசைந்துகொண்டு, "கெட்டிமேளம் இல்லாம தாலி எப்படிக் கட்றது?" என்று எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார்.

பூர்ணிமா மணையில் தலை குனிந்து அழுதுகொண்டிருந்தாள். மூன்றாவது வரிசையில் இருந்த நிஷா எழுந்து மேடையேறி, அவள் தோளில் கை வைத்து, பெற்ற பிள்ளையைக் கூப்பிடுவதுபோல, "தாம்பூரு" என்றாள்.

பூர்ணிமா போட்டிருந்த பிளவுஸின் இடது கை முதலில் உருட்டியது, வலது கை பதில் சொன்னது. முதுகின் மயில் சுருதி பிடிக்க, கழுத்துக் கொடி தந்தியாய் அதிர்ந்து மெட்டெடுத்தது. எந்த ஊர்க் கச்சேரியிலும் மூன்றும் அப்படிச் சேர்ந்து கேட்டதில்லை என்று டீச்சர் பிறகு சொன்னார். மண்டபத்தின் கண்ணாடிகள் அதிர்ந்தன. அழுத முகத்தோடு பூர்ணிமா சிரித்தாள். அட்சதை பறந்தது, தாலி ஏறியது. மேடையில் நின்ற நிஷாவுக்குக் காதெல்லாம் கண்ணீராக இருந்தது என்பதை அவளே கரீமிடம் சொன்னாள்.

வீட்டைக் காலி பண்ணும் பேச்சைக் கோவிந்தசாமி அதோடு விட்டுவிட்டார், தெருவில் பேச்சு வந்தால் அவரே பதில் சொன்னார். இப்போது கனகசெட்டிக்குளத்திலிருந்தெல்லாம் பெண்வீட்டார் வருகிறார்கள். ஆறு பேர் பதினான்கு பேராகி, நடுச்சுவரை இடித்துப் பக்கத்துக் கடையையும் சேர்த்தாயிற்று. சொல் யாருடையது என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. நிஷாவிடம் கேட்டால், "எங்க பொறந்தா என்ன? இப்ப எங்கிட்ட வேலைக்கு வந்துடுச்சி" என்பாள். பிளவுஸைக் கொடுக்கும்போது, ஷாம்பூ தண்ணியில் அலசி நிழலில் காயப்போடுங்கள், முறுக்கிப் பிழிந்தால் முனகும் என்று சொல்லி அனுப்புகிறார்கள்.