குண்டம்மாவும் சிங்காவலோகனமும்

அகராதி அலுவலகத்தில் அந்த வாரம் எனக்கு ‘சி’ வரிசை. ‘சிங்காவலோகனம்’ என்ற சொல்லில் வந்து நின்றேன். போனதையும் வரப்போவதையும் சேர்த்து ஒட்டுமொத்தமாக ஒரு பார்வை பார்ப்பது என்று பொருள். சிங்கம் நடந்துகொண்டே இருக்கையில் நின்று, வந்த வழியைத் திரும்பிப் பார்க்குமாம். அதிலிருந்து பிறந்த சொல். முதலில் சொன்ன புண்ணியவான் சிங்கத்தின் பின்னாலேயே போய்ப் பார்த்தாரா, தெரியாது. எனக்கு அந்தச் சிரமம் இல்லை. என் அண்ணனுக்கு மிருகக்காட்சி சாலையில் சிங்கத்தைப் பராமரிக்கிற வேலை.

“நிஜமாவே திரும்பிப் பாக்குமாண்ணே?”

“பாக்கும். கம்பீரம் கிம்பீரம்னு எழுதி வெச்சுடாதே. பின்னாடி இருக்கறத நம்பாது, அவ்வளவுதான். உங்க அண்ணி கடைக்குக் கிளம்பறப்ப வாசல்ல நின்னு என்னை ஒரு பார்வை பாப்பாளே, அந்த மாதிரி.”

உள்ளேயிருந்து அண்ணி பாத்திரத்தை ணங்கென்று வைத்தாள்.

கேலியெல்லாம் வாயோடு சரி. குண்டம்மா என்ற அந்தப் பெண் சிங்கத்தை அதன் தாய் ஒதுக்கியபோது, புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவன் அவன்தான். மறுநாள் அதை வேறு ஊருக்கு அனுப்புகிறார்கள். அங்கே துணைக்குச் சிங்கங்கள் உண்டு. இங்கே அது தனி. நல்லதுதான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவன், என்னிடம் மட்டும் குரலைத் தாழ்த்தினான்.

“போறப்ப ஒரே ஒரு தடவை என்னைத் திரும்பிப் பாத்துட்டா போதும்மா.”



காலையில் நானும் போனேன். கூண்டிலிருந்து லாரியின் இரும்புப் பெட்டிவரை கம்பி போட்ட வழி. அண்ணன் பின்பக்கம் நின்று, “போடி தங்கம், போ,” என்றான். குண்டம்மா நடந்தது. பாதி வழியில் நின்றது. அண்ணன் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டான்.

அது முன்னால் நின்ற டிரைவரை முறைத்தது. பக்கத்தில் நின்ற டாக்டரை முறைத்தது. பிறகு நேரே பெட்டிக்குள் போய்ப் படுத்துவிட்டது. கதவு இறங்கியது.

அண்ணனுக்கு முகமே செத்துப்போயிற்று.

“பாத்தியா? வளத்தவனாச்சேன்னு ஒரு பார்வை இல்ல. நன்றி கெட்ட கழுதை!”

“நீதானேண்ணே சொன்னே, பின்னாடி இருக்கறத நம்பலேன்னாதான் திரும்பும்னு?”

“அதுக்கு?”

“பின்னாடி நீதானே நின்னே. அப்புறம் அது எதுக்குத் திரும்பணும்?”

லாரி கண்ணுக்கு மறையும்வரை நின்ற அண்ணன், காலிக் கூண்டைக் கழுவக் குழாயைத் திறந்தான். தண்ணீர்ச் சத்தத்தில் அழுதால் எனக்குக் கேட்காது என்று நினைத்துவிட்டான்.